நடு மாத்திரை

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் அன்று காலை நான் அவன் சலூன் கதவைத் தட்டியபோது, தலையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்துவிட்டு, "இப்பதான் தலைக்குக் குளிச்சேன்கா" என்று சிரித்தான். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் சட்டைத் தோளெல்லாம் நனைந்திருந்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன் என்று தெரிந்துதான் அந்தத் துண்டு. தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அவன் முகத்தில் ஒரு வெற்றிக் களை. அப்படியே கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்தேன். சுட்டது.

"டேய்."

"அடுப்புகிட்ட நின்னேன்கா."

"சலூன்ல ஏதுடா அடுப்பு?"

நாற்காலியில் போய் உட்கார்ந்து இருமினான். அது தொண்டையிலிருந்து வந்த இருமல் இல்லை. அடியிலிருந்து வந்தது. கார் சாவியை எடுத்தேன்.

ஒரு முடிதிருத்துகிறவனுக்குக் காய்ச்சல் வந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்திருக்கிறார்கள். வைத்ததோடு வேலை முடியவில்லை. அவன் உடம்பு அதை வேற்றாள் என்று நினைத்து விரட்டாமல் இருப்பதற்காக, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். தட்டில் மூன்றை வரிசையாக வைப்பான். முதலாவது குட்டி, கடைசி கசப்பு, நடுவில் இருப்பது விழுங்கினால் தொண்டையில் ஒரு கணம் நிற்கிற அளவு பெரியது. எங்கள் வீட்டில் அதற்கு நடு மாத்திரை என்றே பெயர்.

இந்த மாத்திரைகள் கிட்னியைக் காப்பாற்றும். ஆனால் உடம்பின் காவல்படையைக் கட்டிப்போட்டுத்தான் காப்பாற்றும். மற்றவர்களுக்கு மூக்கொழுகலாக வந்து போவது இவனுக்கு என்னவாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே சலூனில் ஆயிரம் சட்டம். ஜன்னலைச் சாத்தக் கூடாது. முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யார் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். "சளி போனப்புறம் வாங்க, முடி எங்கயும் ஓடிப்போயிடாது" என்பான். சட்டமெல்லாம் நான் போட்டது. மூக்கு மேல் கோபம் உள்ள அக்கா ஒருத்தி இருந்தால் இப்படித்தான்.

அவனுக்கும் என் கிட்னி மேல் அப்படி ஒரு பயபக்தி. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிக்கிறவனைப் போல, தண்ணீர் குடிப்பதற்குக்கூட யோசிப்பான். "உன் கிட்னி இன்னிக்கு நல்லா வேலை செய்யுதுக்கா" என்று எனக்குப் போன் செய்து சொல்வான். உன் கிட்னி, உன் கிட்னி. ஒரு நாளும் 'என்' என்று சொன்னதில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கெல்லாம் சண்டை போட நேரம் இருக்கவில்லை.

"எப்படிடா ஒட்டுச்சு?" என்றேன், காரில் ஏற்றும்போது.

சொன்னான். ஒரு சின்னப் பெண்ணைத் தாய் கூட்டிவந்திருக்கிறாள். நாற்காலிக் கைப்பிடிகள் மேல் பலகையைப் போட்டு அதில் குழந்தையை உட்காரவைத்திருக்கிறான். முகக்கவசத்தைப் பார்த்ததும் அது வீறிட்டு அழுதிருக்கிறது. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டியிருக்கிறது.

"ஆடுற தலையில எப்படிக்கா கத்தரி வைக்கிறது? காதுல பட்டா என்ன ஆகும்? ஒரே ஒரு நிமிஷம் இதை இறக்கி, மூஞ்சிய கோணலா வெச்சுக் காட்டினேன். சிரிச்சிட்டா."

"அப்புறம்?"

"சிரிச்சிட்டுத் தும்மினா. நேரா என் மூஞ்சியில. தும்மல் இல்லக்கா அது, மழை."

எனக்கு வந்த கோபத்தில் கியர் கம்பியைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் காதில் பட்டுவிடும் என்றானே. கத்தரி பிடிக்கிறவனுக்கு அது நியாயமான பயம்தான். இதில் இன்னொரு கூத்து, உடம்பு சுட ஆரம்பித்த நாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் மனைவி பேக்கரியில் வேலை செய்கிறாள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அவள் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறான்.

கிட்னி டாக்டருக்கு நிதானம் அதிகம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நாம் போய் வெளியே உட்கார்ந்துவிட்டு வரலாம். அவரே அன்று குரலை உயர்த்தினார்.

"காய்ச்சலை மறைச்சீங்களா? உங்க உடம்புல இருந்து எனக்கு வர்ற சேதியே அது ஒண்ணுதான். அதையும் வாயைப் பொத்தி வெச்சிட்டீங்களே!"

மூக்கில் குச்சியை விட்டு எடுத்துச் சோதித்தார்கள். வைரஸ்தான். நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் கீழே புகை படிந்த மாதிரி ஒரு வெண்மை. ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டினார்கள்; அதில் தெரிந்த எண்ணை நர்ஸ் இரண்டு முறை பார்த்தாள். உடனே தனி அறை, மூக்கில் ஆக்சிஜன், வைரஸுக்கு மருந்து. பேக்கரித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தம்பி மனைவி ஓடிவந்தாள். "என்ன அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இவரு" என்று என்னிடம்தான் கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது.

அடுத்த நாளும் எண் ஏறவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்கு வெளியே நிறுத்திப் பேசினார்.

"அந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகிட்டு நின்னுபோயிருக்கும். இவனுக்கு மட்டும் ஏன் நெஞ்சுக்குள்ள இறங்குச்சு?" என்று கேட்டேன். கேட்டேன் என்றால், சண்டைக்குப் போனேன்.

அவர் கோபித்துக்கொள்ளாமல் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை அது இதுதான். மூக்குக்குள்ளே ஒரு செல்லில் வைரஸ் புகுந்ததும், அந்தச் செல் சாவதற்குள் அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுத்துவிடுமாம். பக்கத்துச் செல்கள் உஷாராகிக் கதவைச் சாத்திக்கொள்ளும். உடனே ஒரு கூட்டம் ஓடிவரும். யார் எவர் என்று விசாரிக்காமல் கண்டபடி அடிக்கிற கூட்டம். மூக்கு வீங்குவது, சளி கொட்டுவது, காய்ச்சல், கைகால் குடைச்சல், இதெல்லாம் வைரஸின் வேலை என்று நான் இத்தனை காலம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதில் பெரும்பாலானது நம் ஆட்கள் பண்ணுகிற ரகளையாம்.

அந்தக் கூட்டம் தாக்குப்பிடிக்கிற நேரத்தில் உள்ளே இன்னொரு படை தயாராகும். இவர்கள் விவரமானவர்கள், இந்த வைரஸின் முகத்தைப் பார்த்துப் பழகி, அதை மட்டும் தேடிப் போவார்கள். ஒரு பிரிவு, வைரஸ் குடியேறிய செல்களைக் கண்டுபிடித்து ஒழிக்கும். இன்னொரு பிரிவு தயாரிக்கிற பொருள், வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதை எந்தச் செல்லுக்குள்ளும் நுழையவிடாமல் செய்யும். இந்தப் படை பெருகிவரச் சில நாள் பிடிக்கும். சண்டை முடிந்ததும் அதில் பெரும்பாலோர் போய்விடுவார்கள். மறதி இல்லாத சிலர் மட்டும் உடம்பில் தங்கிவிடுவார்கள். அதே வைரஸ் மறுபடி வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

"அந்த ரெண்டாவது படையைத்தான் நாங்க கட்டி வெச்சிருக்கோம்" என்றார் டாக்டர். "முக்கியமா நடுவுல இருக்கிற மாத்திரை. அது அவங்களைப் பெருகவே விடாது. விட்டா உங்க கிட்னியைப் பாத்தும் 'யார்டா நீ'ன்னு கேப்பாங்க."

"அப்ப அது பிரேக்."

"ஆமா. பிரேக்தான்."

என் பிழைப்பே பிரேக். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை எப்போதும் மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி நகராது. மிதிக்க வேண்டிய நேரத்தில் விட்டால் சுவர். இந்த விஷயத்தை எனக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

"காலை எடுக்கணும்னு சொல்றீங்க" என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு. மத்த ரெண்டு மாத்திரையும் ஓடட்டும், நடு மாத்திரையை மட்டும் நிறுத்துவோம். இவ்வளவு மாத்திரையையும் மீறி காய்ச்சல் வந்திருக்கு பாருங்க, முதல் கூட்டம் முழிச்சுதான் இருக்கு. அது எனக்கு ஒரு தைரியம். ஆனா அவங்க தலையில மட்டும் எல்லாத்தையும் கட்ட முடியாது."

"கிட்னி?"

அவர் அவருடைய நிதானத்துக்குத் திரும்பிவிட்டார். "ஆபத்து இருக்கு. தினமும் ரத்தம் எடுத்துப் பாப்போம். ஆனா நுரையீரல் போச்சுன்னா கிட்னியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நான் தலையாட்டிவிட்டேன். தம்பி மனைவியும் ஆட்டினாள். ஆட்ட வேண்டியவன் ஆட்டவில்லை. நர்ஸ் மாத்திரையில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்ததும், "நடு மாத்திரை எங்க?" என்று கேட்டிருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும், அதைக் கொடுத்தால்தான் மற்றதைச் சாப்பிடுவேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டுவிட்டான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பொய் வராது, பிடிவாதம் வரும்.

முகக்கவசம், கையுறை, காகிதச் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேச ஒரு மூச்சு இழுத்தான்.

"நிறுத்தினா உன் கிட்னி போயிடும்கா."

"டாக்டர் பாத்துப்பாரு."

"அவரு பாத்துப்பாரு. ஆனா அது... உன்னோடது. உன்னைக் கிழிச்சு எடுத்தது. என்னால அதை..." இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அது போயிடுச்சுன்னா உன் மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

"முழிக்கிறதுக்கு முதல்ல நீ இருக்கணும்டா!"

கத்திவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். என்னால் நிறுத்த முடியவில்லை.

"இங்க பாரு. உன்னைக் காப்பாத்தத்தான் கிட்னியைக் குடுத்தேன். கிட்னியைக் காப்பாத்துறதுக்கு உன்னைக் குடுக்கல. அது போனா போகட்டும். மறுபடி டயாலிசிஸ் மெஷின்ல போய்ப் படு, நான் பக்கத்துல உக்காந்து உன்னைத் திட்டிட்டு இருக்கேன். நீ போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்? குடுத்த அன்னிக்கே அது உன்னோடதாயிடுச்சு. இனிமே ஒரு தரம் உன் கிட்னின்னு சொல்லிப் பாரு, அப்புறம் இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகக்கவசத்துக்குள்ளே அழுவது போல ஒரு தொல்லை கிடையாது, துடைக்கக்கூட முடியாது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர். பிறகு, சத்தம் கேட்டு உள்ளே வந்த நர்ஸிடம் கையை நீட்டி, கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் வாங்கி விழுங்கினான்.

"என் கிட்னி போனா போகட்டும்" என்றான், தண்ணீர் குடித்துவிட்டு. வாய் கோணியது. சிரிக்கப் பார்த்திருக்கிறான்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். மருத்துவமனையில் தம்பி மனைவி இருக்கும் நேரம் நான் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது, வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஒரு வங்கிக்காரர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். தெருவில் பாதி தூரம் போய்விட்டு, "அக்கா, ஆக்சிலேட்டரை நல்லாத்தான் மிதிக்கிறேன், வண்டி முக்கிக்கிட்டே போகுது" என்றார். குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. எப்போதிருந்து மிதித்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. "இப்ப போங்க" என்றேன். வண்டி பாய்ந்தது. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். அவருக்கு அன்று நல்ல பாடம் கிடைத்திருக்காது.

முதலில் விரல் கிளிப்பின் எண் இறங்குவதை நிறுத்தியது. பிறகு ஒரு காலையில் ஏறியிருந்தது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனையில், கிட்னி வடிகட்டாமல் விட்ட கழிவின் அளவு மோசமாக இருந்தது. "கொஞ்சம் கூடியிருக்கு" என்றார் டாக்டர். அவர் அகராதியில் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. தம்பி மனைவி பேக்கரியிலிருந்து எடுத்துவந்த பன்னை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து இருவரும் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். சாப்பிடவில்லை.

"நான் தப்பா தலையாட்டிட்டேனா அண்ணி?" என்றாள்.

"நானும்தான் ஆட்டினேன். தப்புன்னா ரெண்டு பேரும் சேந்து தப்பு" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

காய்ச்சலில் உடம்பு வறண்டுபோனதால் அப்படி இருக்கலாம், அந்த இரண்டாவது படை கிட்னியைத் தாக்க ஆரம்பித்ததாலும் இருக்கலாம், சலைன் ஏற்றிப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். ஏற்றினார்கள். மறுநாள் மதியம் அவரே எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்னி கழிவு பழைய அளவுக்கு இறங்கிடுச்சு" என்றார். "தண்ணி பத்தாமதான் இருந்திருக்கு. ரத்தத்துல அந்த ரெண்டாவது படையோட எண்ணிக்கையும் ஏறிட்டு வருது. வைரஸைப் பிடிச்சிட்டாங்க. கிட்னி பக்கம் இன்னும் யாரும் திரும்பிப் பாக்கல. அவங்க திரும்பிப் பாக்கிறதுக்குள்ள நடு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சிடுவோம்."

மனுஷன் வயிற்றில் பாலை வார்த்தார். இத்தனை நாள் அவரை மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டியிருந்தேன், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். தம்பி மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அழாதவள் வாய்விட்டு அழுதாள். அந்த வழியே போன ஒரு வயதானவர் ஐயோ பாவம் என்ற முகத்தோடு நின்றார். "நல்ல சேதிங்க, நல்ல சேதி" என்று அவருக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தம்பி வீடு திரும்பிய அன்று நான் போகவில்லை. போக முடியவில்லை. காலையில் எழும்போதே தொண்டையில் முள். மதியத்துக்குள் மூக்கு ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் குழாயாகத் திறந்துகொண்டது. எலும்புக்கு எலும்பு வலி. மருத்துவமனையில் ஒட்டியதோ, வண்டிக்குள் யாராவது மூக்கை உறிஞ்சினார்களோ, தெரியவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன், சாதாரணச் சளிக்காய்ச்சல்தான், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள், தம்பி பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான். என் உடம்பில் எவனையும் கட்டிப்போடவில்லை. உள்ளே அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். காய்ச்சலில் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாகப் படுத்திருப்பாளா என்று என் வீட்டுக்காரருக்கே சந்தேகம். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உனக்குக் காய்ச்சலாமே. குரலே மாறிப்போச்சு. நான் வந்து பாக்கவா?"

"வந்தே, காலை ஒடிச்சிடுவேன். தெருமுனைக்குக்கூட வராத."

"வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறேன்."

"ஜன்னல் வழியாத் தும்முவேன், பரவாயில்லையா?"

சிரித்தான். நான் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். இத்தனை நாளும் அவன் சிரிக்க ஆரம்பித்தால் பாதியில் இருமல் வந்து அதை முழுங்கிவிடும். அதனால் அவன் சிரிப்புக்கு நடுவில் எப்போது அது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் பாட்டுக்குச் சிரித்தான், மூச்சு இழுத்தான், மறுபடி சிரித்தான். முழுவதும் சிரித்து முடித்தான்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. மூக்கு ஒழுகுது" என்றேன்.